ஐம்பதுக்கு நாற்பத்தேழு

மல்வேர்ன்
6 ஒக்ரோபர் 2024

அனோஜாவுக்கு,

நான் நல்ல சுகம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. ஆனபடியால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் இரண்டு நாள் கழித்துக் கும்பிடுகிற கை ஒன்று வருகிறது. கும்பிட்டது போதும். கடிதம் என்றால் உன்னால் உடைக்காமல் இருக்க ஏலாது என்று எனக்குத் தெரியும். அடுத்தவன் வீட்டு பில் வந்தாலே உடைத்து வாசித்து, போன் பண்ணிச் சண்டை பிடித்துக் கொடுக்கிற ஆள் நீ.

கொண்ணர், என் மனிசன், போய் ஐந்து மாதம் கழிந்துவிட்டது. அவருக்கு நீ ஒரே தங்கச்சி. அடக்கத்தன்று பெட்டியை விட மாட்டேன் என்று நின்றாய், இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு முப்பத்தோராம் நாள் பூசைக்கு உன்னைக் காணவில்லை. அவருடைய பிறந்தநாளுக்கும் காணவில்லை. ஒஷாவா என்ன, உலகத்தின் அந்தப் பக்கமா? சனம் கேட்டது. "அனோவுக்கு ஷிப்ட்" என்று உனக்காகப் பொய் சொன்னேன். பற்கிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமை என்ன ஷிப்ட் என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை, தப்பினேன்.

றோய் கல்கரியில் இருந்து ஞாயிறு தோறும் போன் எடுப்பான். "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்பான். "ஓம்" என்பேன். அவ்வளவுதான். மற்ற ஆறு நாளும் முதியோர் இல்லத்துக் குசினியில் கரட் வெட்டுகிறேன், பஸ்ஸில் வருகிறேன், கதவைத் திறக்கிறேன். இத்தனை வருஷமும் இந்த வீட்டில் ரீவியின் சத்தம் கூட என்று அவரைத் திட்டினேன். இப்போது நானே அதைப் போட்டு விட்டு வேறு அறையில் போய் இருக்கிறேன்.

அவருடைய வள்ளம் இன்னும் உன் ட்ரைவ்வேயில்தானே நிற்கிறது? அவருடைய கூட்டாளி அமிர்தநாதர் தனக்குத் தரச்சொல்லிக் கேட்கிறார். அன்றைக்கு அவரும் கூடப் போயிருக்க வேண்டிய ஆள். முழங்கால் நோகுது என்று கடைசி நேரத்தில் நின்றுவிட்டார். கொடுக்கவா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். ஃபிரிட்ஜில் அவருடைய வள்ளம் ஓட்டுகிற சோதினைப் பேப்பரை இன்னும் நான் கழற்றவில்லை. ஐம்பதுக்கு நாற்பத்தேழு. என்னைப் பார்க்க வைத்து, மாதா காந்தத்தால் அவரே ஒட்டியது. நாற்பத்தேழு எடுத்த மனிசன் எப்படி அனோ, ஒரு லைஃப் ஜக்கெற்றைப் போடாமல் போவார்?

கிளடிஸ்


ஒஷாவா
19 ஒக்ரோபர் 2024

அன்புள்ள மச்சாள்,

கடிதம் கிடைத்தது. பிந்தி எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். கிளினிக்கில் ஒரு பிள்ளை வேலையை விட்டு நின்றுவிட்டதால் முன்மேசையில் நான் தனியே.

வள்ளம் பத்திரமாக இருக்கிறது. தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கட்டியிருக்கிறேன். மோட்டரைக் கழற்றி கராஜுக்குள் வைத்தாயிற்று. பொலிஸ் திருப்பித் தந்த சாமான்களும் கராஜில்தான், ஒரு பெட்டிக்குள். நீங்கள் சொல்லும்வரை ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன். அமிர்தநாதர் அண்ணை நேரே இங்கே வந்து கேட்டால் உங்களிடம் அனுப்புகிறேன்.

பூசைக்கு வராதது பிழைதான். காரணம் எழுத இப்போது ஏலாது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆளுக்கொரு ஜக்கெற், அளவானது, வள்ளத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். போட்டிருக்கத்தான் வேண்டும் என்று பெரியவர்களுக்குச் சட்டம் இல்லை. அதைப் பற்றி ஒரு கேள்வி வரும், நிறையப் பேர் பிழை விடுவார்கள்.

குளிர் தொடங்கிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போது தொப்பியைப் போடுங்கள்.

அனோஜா


மல்வேர்ன்
3 நவம்பர் 2024

அனோ,

சட்டம் படிப்பிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நீ சோதினை எழுதின ஆள் மாதிரி எழுதுகிறாய்.

நேற்று இறந்தோர் தினம். சேமக்காலைக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, பிறகு நடை. உன்னை எதிர்பார்த்தேன். யாரோ முன்னரே வந்து மஞ்சள் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், அது நீதான் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்க்கப் பயந்து விடிய வந்துவிட்டுப் போகிற அளவுக்கு நான் உனக்கு என்ன செய்தேன்? ஒரு வேளை உனக்குத் தெரியுமோ, நான் அவருக்கு என்ன செய்தேன் என்று?

சரி, நானே சொல்கிறேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. றோய்க்கும் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளில் இருந்துவிட்டு, கோபம் பட்டேன், பொய் சொன்னேன் என்று வழமையான ரெண்டைச் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. ஜனவரியில் அவரை பார்ட்ஸ் ஃபக்டரியில் நிற்பாட்டினது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷ வேலை. நாலு மாதம் வீட்டில் இருந்தார். அன்றைக்கு எனக்கு ஆறு நாள் வேலைக்குப் பிறகு கிடைத்த ஒரு லீவுச் சனிக்கிழமை. குசினியில் நிற்கிறேன், அவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து, மோட்டரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "வேலையில்லாத ஆம்பிளைக்கு வள்ளம் ஒரு கேடா?" என்று கேட்டேன். ஊற்றி வைத்த தேத்தண்ணியை அவர் குடிக்கவில்லை. கோப்பையைக் கழுவும் தொட்டிக்குள் வைத்தார். "சரி கிளடிஸ்" என்றார். போய்விட்டார்.

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. "இஞ்சரும்" என்பாரே தவிரப் பெயர் சொல்ல மாட்டார்.

இப்போது நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று உனக்கு விளங்குகிறதா? நான் அந்தச் சோதினைக்குரிய பாடத்தை வாசித்தேன் அனோ. லைப்ரரியில் ஒரு பிள்ளை அச்சடித்துத் தந்தது. ஒவ்வொரு சொல்லாகப் போனில் அடித்துப் பார்த்து வாசிக்கிறேன். குளிர் தண்ணீரைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. ஏப்ரலில் வெயில் அடித்தாலும் ஏரி ஐஸ்தான். விழுந்த முதல் நிமிடம் மூச்சு இழுத்துப் பறிக்குமாம், அதைத் தாங்கினால் பத்து நிமிடம் கை கால் சொல்வழி கேட்குமாம். ஜக்கெற் போட்டிருந்தால் அதற்குப் பிறகும் ஆள் மிதக்கும், ஒரு மணித்தியாலம் வரையும் உயிர் நிற்கும். படம் போட்டு, பெட்டி கட்டி எழுதியிருக்கிறது. ஐம்பதுக்கு நாற்பத்தேழு எடுத்தவருக்கு இது தெரியாதா? வள்ளத்தில் எழும்பி நிற்கக் கூடாது என்று தெரியாதா? எல்லாம் படித்து, தெரிந்து, அவ்வளவையும் தெரிந்துகொண்டு தனியே போனார்.

கார்ட் எடுத்தால்தான் வள்ளம் என்று நிபந்தனை போட்டது நான். கார்ட் இல்லாமல் மோட்டர் வள்ளம் ஓட்டினால் தண்டம் என்று அமிர்தநாதர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உண்மையில் எனக்குத் தண்டம் பெரிதில்லை. படித்தால் பயம் வரும், பயம் வந்தால் பத்திரமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினபோது, இனி நான் பயப்படத் தேவையில்லை என்று அந்த மாதா காந்தத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். கார்ட் ஆயுளுக்கும் செல்லுமாம், புதுப்பிக்கத் தேவையில்லையாம். அவருடையது ஆறு கிழமை சென்றது.

அவர் வேண்டுமென்றே போனாரா அனோ? நான் சொன்ன அந்தச் சொல்லுக்காகப் போனாரா?

வள்ளத்தை எடுக்க உன் வீட்டுக்குத்தானே வந்தார். கடைசியாகப் பார்த்தவள் நீ. முகம் எப்படி இருந்தது? என்ன சொன்னார்? எனக்காக இனிப்பாக எதையும் சோடிக்காதே. உள்ளதை எழுது.

கிளடிஸ்


ஒஷாவா
1 டிசம்பர் 2024

மச்சாள்,

இந்தக் கடிதத்தை இது நாலாவது முறை எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். இதையும் கிழிக்க முதல் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அண்ணை வேண்டுமென்று போகவில்லை. அதை முதலில் வாசியுங்கள். மிச்சத்தைக் கோபத்தில் கிழித்தாலும் பரவாயில்லை.

அந்தச் சோதினையை எழுதினது அண்ணை இல்லை. நான்.

எங்கள் சொந்தத்துக்குள் இந்த வேலைக்கு ஆள் நான்தான் என்று உங்களுக்கும் தெரியும். உணவுக் கையாளுதல் சோதினையா, செக்யூரிட்டி சோதினையா, ஃபோர்க்லிஃப்ட் பாடமா, "அனோக்காட்டைக் குடு, அவ ஒரு மணித்தியாலத்தில முடிச்சுத் தருவா". எத்தனை பேரின் சேர்டிஃபிகேட் என் விரலால் வந்ததோ கணக்கில்லை. உதவி என்றுதான் நினைத்தேன். மறைத்து என்ன, பெருமையாகவும் இருந்தது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு அண்ணை ஒரு பெட்டி ரோல்ஸோடு வந்தார். "உன்ரை மச்சாள் கார்ட் இல்லாட்டி விடமாட்டன் எண்டு நிக்கிறா, உதை ஒருக்கா முடிச்சுத் தா" என்றார். நீங்களே எழுதலாம் அண்ணை, லேசு, நான் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்துகிறேன் என்றேன். அப்போதுதான் சொன்னார். "ஃபெயில் விட்டனெண்டால்? கப்டன் எண்டு கூப்பிட்டவங்கள் என்ன சொல்லுவாங்கள்?"

ஃபக்டரியில் அவரைக் கப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மன்னார் என்றதும் எல்லாரும் இவர் கடலோடு பிறந்தவர் என்று நினைத்துவிட்டார்கள். அவரும் இல்லை என்று சொல்லவில்லை. மன்னாரில் அண்ணை செய்தது அரிசி, சீனி நிறுக்கிற கூப்பன் கடையில் மனேஜர் வேலை. அப்பாவுக்குச் சைக்கிள் கடை. எங்கள் வீட்டில் ஒருவரும் வள்ளத்தில் ஏறினதில்லை. அது இந்த நாட்டில் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வேலையும் போன பிறகு அவரிடம் மிஞ்சி இருந்தது அந்தப் பட்டம் ஒன்றுதான். அதுவும் போய்விடும் என்று பயந்தார்.

மூன்று மணித்தியாலத்துக்குக் குறைய அந்தப் பாடம் முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரம் வைத்திருக்கிறார்கள், தட்டித் தட்டி ஓட ஏலாது. முதல் பத்து நிமிடம் அண்ணை பக்கத்தில் இருந்தார். பிறகு எழும்பிப் போய்க் குசினிப் பைப்பில் ஒழுகினதைத் திருத்தினார். பிறகு சோஃபாவில் சரிந்துவிட்டார். குளிர் தண்ணீர் அத்தியாயம் வந்தபோது கூப்பிட்டேன் மச்சாள். சத்தியமாகக் கூப்பிட்டேன். "அண்ணை, இதையாவது வந்து பாருங்கோ." கண்ணைத் திறக்காமலே, "நீ பாடமாக்கினாக் காணும்" என்றார். நான் சிரித்தேன்.

சோதினை தொடங்க முதல் ஒரு பெட்டி வரும். இதை எழுதுகிற ஆள் நான்தான், வேறு ஒருவரின் உதவியும் இல்லை என்று சரி போட வேண்டும். யேசுரட்ணம் என்ற அண்ணையின் பெயருக்குக் கீழே நான் சரி போட்டேன். நாற்பத்தேழு வந்தது. "அண்ணை, நீங்கள் பெரிய கெட்டிக்காரன்" என்று எழுப்பினேன். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

இனி அந்தக் காலை.

ஒன்பதரைக்கு வந்தார். முகம் நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் சொன்னதை எனக்கு அவர் சொல்லவில்லை. "உன்ரை மச்சாள் இண்டைக்கு நல்ல சூடு. பின்னேரம் பட்டர் கேக் வாங்கிக்கொண்டு போவம், ஆறிடுவா" என்றார். நான் அன்று கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். "நாலு மணிக்கு வந்து குடிக்கிறன். நண்டுக்கால் முழுக்க உன்ரை வீட்டு ஆக்களுக்குப் போட்டிடாதை, எனக்கு எடுத்து வை" என்றார். ஒரு கோப்பையில் எடுத்து மூடி வைத்தேன். அந்தக் கோப்பை அடக்கம் முடியும் மட்டும் என் ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. சாகப் போகிறவர் நண்டுக்கால் எடுத்து வைக்கச் சொல்ல மாட்டார் மச்சாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் மூன்று கடிதம் கிழித்தேன்.

வான் வண்டிக்குப் பின்னால் வள்ளத்தைக் கொழுவிவிட்டு, மோட்டருக்குப் பக்கத்தில் தொங்கின ஒரு கயிற்றைத் தூக்கிக் காட்டினார். சுருள் சுருளாக, சிவப்புக் கயிறு. "அனோ, உது என்னத்துக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். அது இருபதாம் கேள்வியோ இருபத்தோராம் கேள்வியோ. ஒரு நுனி மோட்டரில், மற்ற நுனி ஓட்டுகிறவரின் கையில் அல்லது ஜக்கெற்றில் கொழுவ வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு இழுபடும், மோட்டர் நின்றுவிடும், வள்ளம் ஆளை விட்டுப் போகாது. இவ்வளவுதான். சொல்ல அரை நிமிடம் வேண்டாம். பத்து மணிக்கு எனக்கு வேலை. கையில் கார்த் திறப்பு. "பேந்து சொல்லுறன் அண்ணை, நேரமாச்சு" என்றேன்.

வள்ளம் நாணலுக்குள் முட்டி நின்றபடி, மோட்டர் ஓடிக்கொண்டு இருந்தது என்று பொலிஸ் சொன்னார்கள். கயிறு கொழுவப்படாமல் தொங்கினது. அண்ணை எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்று உங்களுக்குத் தெரியும்.

பூசைக்கு ஏன் வரவில்லை என்று இப்போது உங்களுக்கு விளங்கும். நீங்கள் என்னைக் கட்டிப் பிடித்து அழுவீர்கள். அதை வாங்குகிற தைரியம் எனக்கு இல்லை.

அனோஜா


மல்வேர்ன்
11 டிசம்பர் 2024

அனோஜா,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். இனி எனக்கு எழுதாதே.

கிளடிஸ்


ஒஷாவா
17 பெப்ரவரி 2025

மச்சாள்,

எழுத வேண்டாம் என்றீர்கள். உடைக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள், நான் கேட்க மாட்டேன்.

இன்று ஃபமிலி டே, லீவு. இவர் லொறியோடு வினிபெக் பக்கம் எங்கோ பனியில் நிற்கிறார். மகள் வாட்டர்லூவில், படிப்புக் கூட என்று வரவில்லை. நாலு நாளாகக் கொட்டின பனியில் என் கார் எது, வள்ளம் எது என்று தெரியவில்லை. பாரம் தாங்காமல் தார்ப்பாய் கிழிந்துவிடும் என்று முதலில் வள்ளத்தில் இருந்ததைத்தான் தள்ளினேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலால் பார்த்துவிட்டு வந்து, காரை விட்டுவிட்டு இதை ஏன் தள்ளுகிறாய் என்று கேட்டாள். மூக்கைச் சிந்திவிட்டு மற்றப் பக்கம் போய்த் தள்ளினேன்.

இவருக்கும் மகளுக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். மகள், "அம்மா, why didn't you just make him do it?" என்று கேட்டாள். அதுதான் கேள்வி. ஐம்பதில் அது வரவில்லை.

நான் இப்போது ஒருவருக்கும் சோதினை எழுதிக் கொடுப்பதில்லை. போன கிழமை துஷாந்த், பெரியம்மாவின் பேரன், போன் எடுத்தான். "அனோ அன்ரி, ஃபோர்க்லிஃப்ட் ஒண்டு, சும்மா ஒரு மணித்தியாலம்தான்." வந்து பக்கத்தில் இரு, நீ எழுது, விளங்காததை நான் சொல்லித் தருகிறேன் என்றேன். வைத்துவிட்டான். அன்று பின்னேரமே அவன்ரை தாய் எடுத்து, "உனக்கு இப்ப நல்லாத் தலைக்கனம் வந்திட்டுது" என்றா. இருக்கட்டும். போன் மணி அடிப்பது குறைந்துவிட்டது. இவ்வளவு காலமும் சனம் என்னைத் தேடினது எதற்கு என்று இப்போது தெரிகிறது.

பொலிஸ் தந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதற்குள் மூன்று ஜக்கெற். மூன்றும் புதுசு, கடைப் பொலித்தீன் கூடக் கழற்றவில்லை. சிவப்புக் கயிறும் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அந்தக் கூழை நான் கொட்டியிருக்கக் கூடாது என்று சில நேரம் நினைக்கிறேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் தொப்பி போடுகிறீர்களா?

அனோஜா


மல்வேர்ன்
8 ஜூன் 2025

அனோ,

உன் கடிதங்களில் ஒன்றையும் நான் குப்பையில் போடவில்லை. டிசம்பர் கடிதம் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அன்றைக்கு உனக்கு ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்ல எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

முதலில் சந்தோஷப்பட்டேன் அனோ. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் படிக்கவில்லை, அவருக்குத் தெரியாது, நண்டுக்கால் எடுத்து வைக்கச் சொன்னார் என்று வாசித்ததும் எனக்குள் இருந்த கல் ஒன்று இறங்கிவிட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு அன்று படுத்து விடியத்தான் எழும்பினேன். எழும்பின பிறகுதான் உன் மேல் கோபம் வந்தது, அப்படி ஒரு கோபம் நான் யார் மேலும் பட்டதில்லை. என் புருஷன் சோஃபாவில் குறட்டை விட நீ என்னைப் பேய்க்காட்டி ஏமாற்றினாய். நான் கும்பிட்ட அந்த நாற்பத்தேழு உன்னுடையது. பேப்பரைக் கழற்றினேன். காந்தம் மட்டும் இருக்கிறது.

ஆண்டுப் பூசைக்கு நீ வந்ததைப் பார்த்தேன். கடைசி வாங்கில், தூணுக்குப் பின்னால். சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரம் வர எழும்பி வெளியே போனாய். நீ நின்றிருந்தால் நான் கை கொடுத்திருப்பேனா என்று எனக்கும் தெரியாது. அதனால் அதை விடு.

இப்போது நான் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ பெப்ரவரியில் எழுதினாயே, பொலித்தீன் கழற்றாத மூன்று ஜக்கெற். அதை வாங்கினது நான். வேலை முடிந்து பஸ்ஸில் போய், அளவு பார்த்து வாங்கினேன், எனக்கு, அவருக்கு, றோய்க்கு. றோய் ஓகஸ்ற்றில் லீவில் வருவான், மூன்று பேரும் ஒன்றாகப் போய்ப் படம் எடுப்போம் என்று. அவர் அன்றே தன்னுடையதைப் பிரிக்கப் பார்த்தார். "கவரைக் கழட்டாதேங்கோ, ஊத்தையாப் போடும், றோய் வரேக்க புதுசாப் போடுவம்" என்று நான் பறித்து வைத்தேன். எங்கள் வீட்டு ரீவி றிமோட்டுக்கு இன்னும் பொலித்தீன் இருக்கிறது. சாப்பாட்டு மேசைக் கதிரைக்கு இருக்கிறது. அவர் நான் சொன்ன சொல்லைக் கேட்டுத்தான் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஓட்டினார். பதின்மூன்று மாதமாக இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. உன்னிடமே ஜக்கெற் ஏன் போடவில்லை என்று கேள்வி கேட்டு எழுதினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது அனோ.

நீ கயிற்றைச் சொல்லவில்லை. நான் கவரைக் கழற்ற விடவில்லை. அவர் படிக்கவில்லை. இதை மூன்றாகப் பங்கு போட்டு யாருக்கு எவ்வளவு என்று பார்க்க எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உன்னை மன்னித்தேன் என்று எழுத இன்னும் கை வருகுதில்லை. ஆனால் மனசு உன்னைத் தேடுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் றோய் போனை வைத்த பிறகு உன்னைத்தான் தேடுகிறது.

சரி, அழுகையைத் துடைத்துவிட்டு மிச்சத்தைக் கேள். நான் சோதினை எழுதினேன்.

சிரிக்காதே. முதலில் பாடம். மூன்று மணித்தியாலம் என்கிறார்கள், எனக்கு இரண்டு மாதம். ஒரு கொப்பி வாங்கி இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ். குசினியில் என்னோடு கரட் வெட்டுகிற பிலிப்பினோப் பெண் வாய்ப்பாடு கேட்கிற மாதிரிக் கேட்பாள். உள்ளுக்கு வரும்போது சிவப்பு மிதவை எந்தப் பக்கம்? வலம். மோதப் போகிறது என்றால் எந்த வள்ளம் வழி விட வேண்டும்? சூப் பானைக்குள்ளால் பதில் சொல்லுவேன். முதல் தரம் முப்பத்து மூன்று. முப்பத்தெட்டு வேண்டும், ஃபெயில். பெட்டியில் "வேறு ஒருவரின் உதவியும் இல்லை" என்று சரி போட்டுவிட்டு ஃபெயில் விட்டது எனக்கு ஒரு விதத்தில் நல்லாயிருந்தது. ஒரு நாள் பொறுத்துத் திரும்ப எழுதினேன். நாற்பத்தொன்று. உன்னை விட ஆறு குறைய. ஆனால் என்னுடையது.

கார்ட் போன கிழமை தபாலில் வந்தது. படகு விடுகிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் இரண்டு நாள் போய் ஓட்டியும் பழகினேன், கார்ட் வந்தால் கை பழகிவிடும் என்று இல்லையே. அவள் என் மேல் இரண்டு தரம் கத்தினாள். இரண்டும் சரியான கத்தல்.

வள்ளத்தை அமிர்தநாதருக்குக் கொடுக்கப் போவதில்லை. அவரிடம் வான் மட்டும் கேட்டிருக்கிறேன். இம்மாதம் இருபத்தெட்டாம் திகதி, சனிக்கிழமை காலை உன் வீட்டுக்கு வருகிறோம். தண்ணீர் அப்போது சூடாகி இருக்கும். அதே ஏரிதான். கரையை ஒட்டி ஒரு கால் மணித்தியாலம், அதற்கு மேல் போக மாட்டேன். நான் ஓட்டுவேன். நீ முன்னால் இருப்பாய், அசையாமல், எழும்பாமல். நாற்பத்தேழு எடுத்தாலும் உன் பெயரில் கார்ட் இல்லை, அதனால் மோட்டரில் கை வைக்கக் கூடாது. கொண்ணர் விழுந்த இடம் எனக்குத் தெரியாது, பொலிஸ் காட்டின கரை மட்டும்தான் தெரியும். அங்கே போய் ஒரு அருள்நிறை மரி சொல்லிவிட்டு வருவோம். திரும்பி வந்து கூழ் குடிப்போம். நீதான் காய்ச்ச வேண்டும். நண்டு நான் கொண்டு வருகிறேன்.

ஜக்கெற் மூன்றையும் பொலித்தீன் கிழித்து, வெயிலில் போட்டு வை. வார் எல்லாம் உன் அளவுக்கு இழுத்துப் பார்.

வள்ளத்தில் ஏற முதல் அந்தச் சிவப்புக் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "அனோ, உது என்னத்துக்கு?" என்று கேட்பேன். எனக்கு அது தெரியும், சோதினையிலும் அதைச் சரியாகத்தான் எழுதினேன். ஆனாலும் கேட்பேன். அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நின்று எனக்குப் பதில் சொல்லு.

கிளடிஸ் மச்சாள்